காப்பாக வந்த ஓவியம்

தமிழில் காப்பு என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. கையில் அணியும் வளையும் காப்பு. திருவிழாத் தொடக்கத்தில் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் நூலும் காப்பு. தொடங்கிய நூல் இடையூறின்றி நிறைவெய்த வேண்டிப் புலவர் முதற்கண் வைக்கும் செய்யுளும் காப்பு. காக்கும் நோக்கத்தோடு பிறந்த இவையெல்லாம் காலப்போக்கில் அழகுக்கும் இடமாகி நின்றதை எவரும் அறிவர். கணினித் திரையில் சற்று நேரம் வேலை நடவாதபோது தானே தோன்றி ஆடும் ஓவியத்திற்குத் திரைக்காப்பு என்று பெயரிட்டோர், அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமான சொல்லையே தேர்ந்துள்ளனர். சிலர் இதனைத் திரைச் சேமிப்பான் என வழங்குவது பொருந்தாது. அங்கே சேமித்து வைக்கப்படுவது எதுவுமில்லை. திரை காக்கப்படுகிறது, அவ்வளவே.

இத்திரைக்காப்புகளில் ஒரு வகை 1990ஆம் ஆண்டுகளில் வீட்டுக் கணினிகளில் பெருகிற்று. அனிமே எனப்படும் சப்பானிய இயங்குபடங்களின் மாந்தர்களைத் திரையில் உலவவிடும் வகை அது. சிறுவர் விளையாட்டென்று பெரியவர்கள் அதனை ஒதுக்கியதுண்டு. ஆயினும், அலுவலகத்திற்கெனப் பிறந்த ஒரு பொறி எவ்வாறு இல்லத்துப் பொருளாயிற்று என்பதை ஆராய விழைவோர்க்கு அது நல்லதொரு சான்று.

முதலில் காப்புக்கு நேர்ந்த தேவையைக் காண்போம். பழைய கணினித் திரைகள் படக்குழாயால் ஆனவை. குழாயின் பின்புறத்திலிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றை, முன்புறக் கண்ணாடியின் உட்பகுதியில் பூசப்பட்ட ஒளிர்பூச்சின்மீது மோத, மோதிய இடம் ஒளிரும். ஒரே இடம் நாள்தோறும் பல மணி நேரம் ஒளிருமாயின் அவ்விடத்துப் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவில் தேய்ந்து மங்கும். பின்னர்த் திரையை அணைத்த பிறகும் அங்கே இருந்த எழுத்தின் சுவடு பேய்போல் தெரியும். பச்சை நிறத்திலோ மஞ்சள் நிறத்திலோ எழுத்துகளை மட்டும் காட்டிய அலுவலகத் திரைகளில் இத்தழும்பு மிகுதி. 1980இல் வெளிவந்த பேக்மேன் விளையாட்டுப் பொறிகளில், அவ்விளையாட்டின் சுவர்க்கோடுகள் கண்ணாடியிலேயே பதிந்து போனமை பலரும் கண்ட ஒன்று.

இதற்கு முதலில் கண்ட மருந்து மிக எளியது. 1979இல் விற்பனைக்கு வந்த அட்டாரி 400, 800 ஆகிய வீட்டுக் கணினிகள், சில நிமிடங்கள் எவரும் விசையைத் தொடாவிடின் திரையின் வண்ணங்களைத் தாமே மாற்றிக்கொண்டிருந்தன. ஐ.பி.எம். கணினிக்கு ஜான் சோச்சா என்பார் எழுதிய ஸ்கிரன்சேவ் என்னும் சிறு நிரல், சாஃப்டாக் இதழில் 1983 டிசம்பரில் வெளியாயிற்று. மூன்று நிமிடங்கள் விசைப்பலகை வாளாவிருந்தால் திரையைக் கருமையாக்கிவிடும். அதற்குமேல் அது எதுவும் செய்வதில்லை. காப்பு என்ற அளவில் அது முழுமையானது. கருந்திரையைவிடச் சிறந்த காப்பு படக்குழாய்க்கு இல்லை.

ஆயினும் மனிதர் கருந்திரையோடு அமையவில்லை. அமெரிக்காவில் பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1989இல் மேக்கிண்டாஷ் கணினிக்கு வெளியிட்ட ஆஃப்டர் டார்க் என்னும் தொகுப்பில், ரொட்டி வாட்டும் கருவிகள் சிறகு முளைத்துக் கருவானில் பறந்தன. மக்கள் அதனைக் காசு கொடுத்து வாங்கினர். தொடர்ந்து 1992இல் ஸ்டார் டிரெக், 1993இல் டிஸ்னி, 1994இல் சிம்சன்ஸ் என, தொலைக்காட்சியும் திரைப்படமும் வளர்த்த மாந்தர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரைக்காப்புக்குள் புகுந்தனர். 1992இல் வந்த ஜானி காஸ்டவே என்பதில், ஆளற்ற தீவில் ஒதுங்கிய ஒருவனின் வாழ்க்கை சிறுசிறு காட்சிகளாக நடந்தேறியது. அக்கதையின் அடுத்த நிகழ்ச்சியைக் காண்பதற்காகவே வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோர் உண்டு. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 3.1 இயங்குதளத்தில் திரைக்காப்புகள் உடன்வைத்தே வழங்கப்பட்டன.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. திரைக்காப்புகள் இவ்வாறு செழித்த காலத்தில், அவற்றின் தேவை தேய்ந்துகொண்டிருந்தது. வண்ணப் படக்குழாய்கள் பழைய ஒற்றை நிறத் திரைகளைப்போல் எளிதில் தழும்பேறுபவை அல்ல. சாளரங்களும் படங்களும் ஓயாது மாறும் திரையில் ஒரே எழுத்து ஒரே இடத்தில் நாட்கணக்கில் நிற்பதும் குறைந்துவிட்டது. காப்பின் தேவை குறையக் குறைய ஓவியத்தின் விருப்பம் கூடிற்று. எனவே மக்கள் விலை கொடுத்தது பாதுகாப்புக்கு என்பதைவிட, முகமற்ற ஒரு பெட்டிக்கு முகம் தருவதற்கே என்று கொள்வது தகும்.

சப்பானில் இம்முகம் வேறொரு வழியில் வந்தது. அந்நாட்டின் கணினிச் சந்தையை நெடுங்காலம் ஆண்டது 1982இல் என்.இ.சி. நிறுவனம் வெளியிட்ட பி.சி.9801 வரிசை. 1980ஆம் ஆண்டுகளில் அக்கணினிக்கு நவோஷி வத்தனபே என்பார் எழுதிய சிறு நிரல் ஒன்றின் பெயர் நெக்கோ. சப்பானிய மொழியில் பூனை என்பது பொருள். திரையில் நகரும் குறியை அப்பூனை துரத்தும். குறி நின்றுவிட்டால் கொட்டாவி விட்டு உறங்கும். 1989இல் கென்ஜி கோட்டோ அதனை மேக்கிண்டாஷுக்குக் கொண்டுவந்தார். பின்னர் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கும் அது சென்றது. அவ்வடிவத்தில், பூனைக்குப் பதிலாகக் கார்ட்கேப்டர் சக்குரா என்னும் தொடரின் சக்குரா, தொமோயோ ஆகிய சிறுமியரைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் பின்னாளில் சேர்ந்தது. திரைக்காப்பு மனிதன் ஓயும்போது விழிப்பது. இப்பூனையோ மனிதன் ஓயும்போது உறங்குவது. செயலில் இரண்டும் எதிரெதிர் ஆயினும், பயனற்ற ஓர் உயிரைத் திரையில் வளர்க்கும் ஆசையில் இரண்டும் ஒன்றே.

அனிமே மாந்தர்கள் கணினிக்கு இத்துணை எளிதில் பொருந்தியதற்குக் காரணம் அக்கலையின் பிறப்பிலேயே உள்ளது. 1963 சனவரி 1ஆம் நாள், ஒசாமு தெசுகாவின் முஷி நிறுவனம் தயாரித்த தெட்சுவான் ஆத்தம் என்னும் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. வாரந்தோறும் அரைமணி நேர நிகழ்ச்சி. கையிலிருந்த பணமும் ஆளும் மிகக் குறைவு. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். அமெரிக்கத் திரைப்பட இயங்குபடங்கள் நொடிக்குப் பன்னிரண்டோ இருபத்து நான்கோ ஓவியங்களைத் தீட்டிக் காட்டின. தெசுகாவின் குழுவினரோ ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியங்களோடு அமைந்தனர். பல இடங்களில் அதனினும் குறைவு. பேசும்போது உடல் அசையாது, வாய் மட்டும் அசையும். அவ்வாய்க்கும் மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்று ஓவியங்கள் போதும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைப் பாதுகாத்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். தொடரை அடக்க விலைக்கும் குறைவாகத் தெசுகா விற்றார் என்பதும், இன்றுவரை சப்பானிய ஓவியர்களின் ஊதியம் தாழ்ந்திருப்பதற்கு அதுவே வித்து என்பாரும் மறுப்பாரும் உளர் என்பதும் தனியே ஆராயத்தக்கன. வறுமை ஈன்ற உத்திகள் பின்னர் ஒரு கலையின் இலக்கணமாகவே நிலைத்துவிட்டன.

அதே வறுமை வீட்டுக் கணினிக்கும் இருந்தது. கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு அது விளங்கும். 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பரவலாக இருந்த திரையின் அளவு, அகலத்தில் 640 புள்ளியும் உயரத்தில் 480 புள்ளியும். ஆக 307,200 புள்ளிகள். 256 வண்ணங்களில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வேண்டும். அக்காலத்து நெகிழ்வட்டு ஒன்றின் கொள்ளளவு 1,474,560 பைட்டுகள். எனவே, சுருக்காத முழுத்திரைப் படங்களில் நான்கே ஒரு வட்டில் அடங்கும். நொடிக்கு 24 படங்கள் என முழு அசைவு காட்ட விழைந்தால், ஒரே நொடிக்கு 7,372,800 பைட்டுகள். அதாவது சரியாக ஐந்து நெகிழ்வட்டுகளின் நிறைவு! மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இந்நெருக்கடிக்கு அனிமேயின் உத்திகள் அப்படியே விடையாயின. பின்னணி முழுதும் கருமை. உருவம் ஒன்று மட்டும் சிறிதாக நகரும். கண் இமைக்க மூன்று ஓவியம், வாய் அசைய மூன்று ஓவியம், கூந்தல் பறக்க நான்கு ஓவியம் இருந்தால் மணிக்கணக்கில் ஒரு மங்கையை உயிரோடு நிறுத்தலாம். அன்றியும், செல்லுலாய்டுத் தாளின் முன்பக்கம் கோடு வரைந்து பின்பக்கம் ஒரே சீராக வண்ணம் பூசுவது இயங்குபட ஓவியர் மரபு. நிழலும் மெருகும் கலந்த வண்ண ஓவியத்தைச் சுருக்குவது கடினம். ஒரே நிறம் நெடுந்தொலைவு தொடரும் ஓவியத்தையோ, "இந்நிறம் இத்தனை புள்ளிகளுக்கு" என்று சுருங்கச் சொல்லிவிடலாம். பதினாறு வண்ணங்களே காட்டிய பி.சி.9801 காலத்திலேயே சப்பானியப் பயனர்கள் இத்தகைய ஓவியங்களுக்கென்று தனிச் சுருக்க முறைகளை வகுத்துக்கொண்டனர். இயங்குபடக் கலைஞர்களும் கணினியை நாடி வந்தனர். 1984இல் தோன்றிய கைனாக்ஸ் நிறுவனம், 1991இல் பிரின்சஸ் மேக்கர் என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. அதன் ஓவியங்களைத் தீட்டிய தக்காமி அக்காய் அந்நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர்.

1995ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் இவ்வரலாற்றில் முதன்மையானவை. அக்டோபர் 4ஆம் நாள் கைனாக்சின் எவாஞ்செலியன் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது. நவம்பர் 18ஆம் நாள் மமோரு ஒஷீயின் கோஸ்ட் இன் த ஷெல் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து, நவம்பர் 23ஆம் நாள், சப்பானிய மொழி விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது. தோக்கியோவின் அகிகபரா கடைத்தெருவில் நள்ளிரவிலேயே மக்கள் வரிசையில் நின்றனர். முன்னிரண்டும் கணினித் திரைகளையே காட்சியின் பகுதியாகக் கொண்ட படைப்புகள். எவாஞ்செலியனில் வரும் எச்சரிக்கைப் பலகைகளும், கரிய பின்னணியில் பேரெழுத்துகளும், அறுகோணக் கட்டங்களும் கணினித் திரைக்கென்றே வரைந்தவைபோல் இருந்தன. அவற்றைத் தம் இல்லத்துத் திரையில் காண ரசிகர்கள் விழைந்தது இயல்பே.

கோஸ்ட் இன் த ஷெல் படத்தின் தொடக்கத்தில் கருந்திரையில் பச்சை எண்கள் ஓடிப் பெயர்களாக மாறும். அமெரிக்காவில் வச்சாவ்ஸ்கி உடன்பிறப்புகள் அப்படத்தைத் தம் தயாரிப்பாளருக்குக் காட்டி, இதனை மெய்யான நடிகரைக்கொண்டு எடுக்க விரும்புவதாகக் கூறினர் என்பது யாவரும் அறிந்த செய்தி. 1999இல் வந்த அவர்களின் மேட்ரிக்ஸ் படத்தில் அவ்வெண்கள் பச்சை மழையாகப் பொழிந்தன. அம்மழையை வடித்த சைமன் வைட்லி, தம் மனைவியின் சப்பானியச் சமையல் நூல்களிலிருந்து எழுத்துகளை எடுத்து இடம் வலமாகத் திருப்பி அமைத்ததாகக் கூறியுள்ளார். அதே 1999இல், ஜேமி சவின்ஸ்கி 1992 முதல் தொகுத்து வந்த யூனிக்ஸ் திரைக்காப்புத் தொகுப்பில் அம்மழை இடம்பெற்றது. உலகெங்கும் அலுவலகங்களில் கண்ட அந்தப் பச்சை மழையின் பாட்டனார் ஒரு சப்பானிய இயங்குபடம் என்பதைப் பார்த்தோரில் பலர் அறியார்.

மழையில் பொழிந்த எழுத்து கத்தக்கனா. அது கணினிக்கு நெருங்கிய எழுத்தானதற்குக் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான சீன எழுத்துருக்களைத் தாங்கும் நினைவகம் தொடக்கக்காலக் கணினிகளுக்கு இல்லை. ஆகவே 1969இல் வகுத்த சப்பானியக் குறியீட்டு முறையில், நிறுத்தக்குறிகள் உட்பட 63 கத்தக்கனா வடிவங்களே இடம்பெற்றன. பற்றுச்சீட்டும் மின்கட்டண அறிக்கையும் அவற்றிலேயே அச்சாயின. தமிழாசிரியர்க்கு உவப்பான செய்தி ஒன்றையும் இங்கே சுட்டலாம். அவ்வெழுத்துகளின் நெடுங்கணக்கு அ, இ, உ, எ, ஒ என உயிரில் தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என மெய்வரிசையில் செல்கிறது. ஹகரம் நின்ற இடத்தில் பண்டு பகரமே ஒலித்தது. பௌத்த நூல்களோடு கடல்கடந்து சென்ற இந்திய ஒலியியல் மரபின் தடம் அது.

நிறுவனங்கள் குறுவட்டில் விற்ற அனிமே திரைக்காப்புகள் ஒருபுறம் இருக்க, எண்ணிக்கையில் மிகுந்தவை ரசிகர்கள் தாமே செய்தவை. விண்டோஸ் 95 வெளிவந்தபோது தனியே விற்ற பிளஸ் என்னும் தொகுப்பு, பின்னணிப் படம், சிறுபடங்கள், அம்புக்குறி, ஒலி, திரைக்காப்பு ஆகிய ஐந்தையும் ஒரே கருப்பொருளில் மாற்றும் வசதியைத் தந்தது. அதனைக் கொண்டு கல்லூரி மாணவர்கள் தமக்குப் பிடித்த தொடரின் படங்களை வருடி எடுத்து, ஒளிநாடாவிலிருந்து குரலைப் பிரித்து, கணினி முழுதையும் ஒரே தொடரின் கோலத்தில் மாற்றினர். பிறர்க்கும் இலவசமாக வழங்கினர். உரிமையாளரின் இசைவு இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. படத்தின்மீது ரசிகனுக்கு உள்ள அன்பு உரிமையாகாது. சட்டம் அவன் பக்கம் இல்லை. ஆயினும் குறைந்த ஊதியத்தில் அவ்வோவியங்களைத் தீட்டியோரின் கைவண்ணம், அவர் பெயர்கூட அறியாத நாடுகளில் நாள் முழுதும் பார்க்கப்பட்டது இவர்களால்தான். இவ்விரண்டையும் சேர்த்தே எழுதவேண்டிய கடன் வரலாற்றுக்கு உண்டு.

இலவசத்தில் நஞ்சும் கலந்தது. விண்டோஸ் திரைக்காப்பு என்பது பெயரின் ஈற்றை மட்டும் மாற்றிக்கொண்ட முழுமையான ஒரு நிரலே. கணினியில் எதையும் செய்யவல்லது. 2004 சனவரியில் பரவிய மைடூம் என்னும் தீநிரல், மின்னஞ்சல் இணைப்பாகச் செல்லத் தேர்ந்த வடிவங்களுள் திரைக்காப்பும் ஒன்று. அழகிய படம் என்று நம்பித் திறந்தோர் ஏமாந்தனர். பள்ளிகளும் அலுவலகங்களும் வெளியார் தரும் திரைக்காப்புகளுக்குத் தடை விதித்தமை நியாயமே.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. ஒரு படக்குழாய்த் திரை ஏறத்தாழ 60 முதல் 100 வாட் வரை மின்சாரம் உண்ணும். பூனை ஓடினாலும் மங்கை இமைத்தாலும் அச்செலவு குறையாது. அமெரிக்க அரசு 1992இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கி, வேலையற்ற நேரத்தில் தானே துயிலும் கணினிகளுக்கும் திரைகளுக்கும் முத்திரை வழங்கிற்று. பின்னர் நீர்மப் படிகத் திரைகள் வந்தன. அவற்றில் தேய ஒளிர்பூச்சே இல்லை. சோச்சாவின் கருந்திரைக்கே உலகம் திரும்பிற்று. இம்முறை காக்கப்பட்டது கண்ணாடியன்று, மின்சாரம்.

ஆயினும் முகம் தேடும் விருப்பம் சப்பானில் மறையவில்லை. 2009இல் விண்டோஸ் 7 வெளியானபோது, அந்நாட்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே மதோபே நனாமி என்னும் இளம்பெண் உருவைப் படைத்து, முதல் 7,777 படிகளுடன் அவளுடைய பின்னணிப் படங்களையும், குரல் நடிகை நானா மிசுக்கி பேசிய ஒலிகளையும் சேர்த்து விற்றது. ரசிகர்கள் இசைவின்றிச் செய்துவந்ததை இயங்குதளத்தின் உரிமையாளரே செய்தார். அப்பெண்ணின் கோலத்தில் பின்னணியும் குரலும் இருந்தன. காப்பு என்ற பெயர் அங்கே தேவைப்படவில்லை.

பழைய திரைக்காப்புகள் எங்கே என்று இன்று தேடுவோர்க்கு எஞ்சியிருப்பவை சிலவே. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. பின்னாளில் ஃபிளாஷ் முறையில் ஆக்கியவற்றுக்கு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவு நின்றது. ரசிகர்கள் தம் ஆக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டிஸ் அமெரிக்காவில் 2009 அக்டோபரிலும் சப்பானில் 2019 மார்ச் இறுதியிலும் மூடப்பட்டது. படியெடுத்து வைத்தோர் கையில் உள்ளவை தவிர ஏனையவை அழிந்தன. பறக்கும் ரொட்டிக் கருவிகளுக்கு அந்நிலை நேரவில்லை. நிறுவனம் விற்ற பொருளாதலின் அவற்றின் படிகள் பல இடங்களில் இருந்தன. இணைய ஆவணக் காப்பகம் 2016இல் விண்டோஸ் 3.1 நிரல்களை இன்றைய கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் வகையில் திறந்து வைத்தது. மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் மூன்று வாயும் மூன்று கண்ணும் வரைந்து நண்பனுக்கு நெகிழ்வட்டில் கொடுத்தது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அத்தகைய வட்டுகள் சப்பானிலும் பிற நாடுகளிலும் பழைய பெட்டிகளுக்குள் இன்னும் கிடக்கின்றன. அவற்றின் காந்தப் பூச்சும் ஆண்டுதோறும் மங்கி வருகிறது.